தங்கச்சிமடம் தோப்பு வீடு: ஆறுமணிக் குருவி பார்க்கப் போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்தில் தங்குவதற்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கோயிலைச் சுற்றி ரத வீதிகளில் லாட்ஜ், மடம், சத்திரம், இப்போது ஹைவே ஓரத்தில் நீச்சல்குளம் வைத்த ரிசார்ட் என்று எல்லா விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் அக்டோபர், நவம்பரில் ஆறுமணிக் குருவியைப் பார்க்க வேண்டும், அதுவும் பின்னாலேயே ஓடித் துரத்தாமல், அது பாட்டுக்கு இரை பொறுக்குவதை ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது ஒரே இடத்தைத்தான். ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கிற தங்கச்சிமடத்துக்குத் தெற்கே, மெயின் ரோட்டில் இருந்து மணல் பாதையில் இறங்கி உள்ளே போனால் வரும் ஒரு தோப்பு வீடு. இரண்டே அறை. போர்டு கிடையாது, ஆன்லைன் புக்கிங்கும் கிடையாது. பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. மல்லிகை நாற்று விற்கிற தோட்டங்கள் தங்கச்சிமடத்தில் நிறைய உண்டு, இங்கிருந்து வெளி மாநிலத்துக்கெல்லாம் நாற்று போகிறது. அங்கே போய், குருவி பார்க்க வருகிறவர்கள் தங்குகிற வீடு எது என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வீட்டை நான் ஏன் இவ்வளவு புகழ்கிறேன் என்பது புரியாது. ஆறுமணிக் குருவி காட்டுப் பறவை. இதன் குடும்பத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியாவின் தாழ்நிலக் காடுகளில் தரையோடு தரையாக வாழ்கிறவை. நம்முடையது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மழை முடிந்ததும் தெற்கே கிளம்பிவிடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல், மே வாக்கில் திரும்பிப் போகும். மைனாவைவிடச் சிறியது, அதிகம் போனால் 19 சென்டிமீட்டர், எடை 70 கிராமைத் தாண்டுவது அபூர்வம். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ராத்திரியில் பறக்கிறது. தனுஷ்கோடி முனையில் இருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர் கடல். இலங்கைக்குப் போகிறவற்றில் இந்தப் பக்கமாக வருகிறவைக்குக் கடலைத் தாண்டுமுன் கால் ஊன்றக் கிடைக்கும் கடைசித் தரை நம் ராமநாதபுரம் கரைதான்.

ராமநாதபுரம் கரை எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல், பனை, குடைபோல் விரிந்த உடைமரம், மிச்சத்துக்குச் சீமைக்கருவேலம். அடர்ந்த காட்டில் நிழலும் ஈரச் சருகும் தேடுகிற ஒரு பறவை இங்கே வந்து இறங்கினால் எங்கே போய் ஒதுங்கும்? கிணறு வைத்த தோப்புகளில்தான். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடங்களில் தென்னை வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு முக்கால்வாசித் தோப்பைத் தரை தெரியக் கூட்டிப் பெருக்கிவிடுகிறார்கள், அல்லது மருந்தடித்துப் புல் பூண்டு இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தோப்பில் இந்தக் குருவிக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்காது.

இந்த வீட்டுக்காரர்கள் அதைச் செய்யவில்லை. அதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். தோப்பின் மேற்குப் பாதியில் தென்னைக்கு நடுவே வேம்பு, பூவரசு, புங்கை, இரண்டு பெரிய நாவல் மரம் நிற்கின்றன. அந்தப் பாதியில் துடைப்பமே படுவதில்லை. விழுந்த இலை விழுந்த இடத்தில் மட்குகிறது. தென்னை மட்டையை மட்டும் அடுப்புக்கு இழுத்துக்கொள்கிறார்கள். கிணற்றடியில் இருந்து வழிகிற தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி அந்தச் சருகுக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள், அதனால் ஐப்பசி மழை தள்ளிப்போன வருஷத்திலும் கையால் சருகை விலக்கினால் அடியில் மண் ஈரமாக இருக்கிறது. மண்புழு, மரவட்டை, கறையான், பேர் தெரியாத புழுக்கள் எல்லாம் அந்த ஈரத்தில் நெளிகின்றன. வீட்டுக்கார அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "எங்க மாமியார் காலத்துல கூட்டிப் பெருக்கித்தான் வச்சிருந்தாங்க தம்பி. அப்புறம் எனக்கு முட்டி வலி வந்து குனிய முடியாமப் போச்சு, ரெண்டு வருஷம் அப்படியே கெடந்துச்சு. மூணாவது வருஷம் அதுங்களாவே வந்துருச்சு" என்றார். அதன் பிறகு முட்டி சரியாகியும் அந்தப் பக்கம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போகவில்லையாம். சொந்தக்காரர்கள் வந்து, வீட்டைச் சுற்றி இப்படிக் குப்பையாகப் போட்டு வைத்திருக்கிறாயே என்று கேட்டாலும் அவர் மசியவில்லை. இப்படி ஒரு உறுதியை நான் பெரிய பெரிய ரிசார்ட்டுகளில்கூடப் பார்த்ததில்லை.

மேற்குப் பக்க அறைக்கு ஒரு சின்னத் திண்ணை இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கே அங்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். வெளிச்சம் வருமுன் சத்தம் வரும். இரண்டு சுரம், முதல் சுரம் ஏறும், அடுத்தது வழுக்கிக்கொண்டு இறங்கும், தெளிவான சீட்டி. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. தோப்பின் இன்னொரு மூலையில் இருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். விடிந்ததும் அடங்கிவிடும், பிறகு சாயங்காலம் ஆறு மணி வாக்கில் திரும்ப ஆரம்பிக்கும். பறவை நூல்கள் இதைப் பாடும் பறவைகளோடு நேராகச் சேர்ப்பதில்லை, பக்கத்துக் கிளையில் வைக்கின்றன, குரல் எழுப்பும் உறுப்பின் அமைப்பு வேறு என்பதால். அதெல்லாம் வகைப்பாட்டுக்குச் சரி. கடற்காற்று அடங்கியிருக்கிற ஒரு விடியலில், அந்தச் சீட்டி தோப்பு முழுக்கப் பரவுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவருக்கு அது பாட்டுத்தான்.

பார்ப்பதற்கு அவசரப்படக் கூடாது. சத்தம் நின்று பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் அது கண்ணில் படும். நான் பார்த்த ஒன்று நாவல் மர வேருக்குப் பக்கத்தில் இருந்து தத்தித் தத்தி வந்தது. நீளமான, லேசாக இளஞ்சிவப்பு ஏறிய கால். வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, மொட்டையாக முடிகிறது, அந்தக் குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. முதுகு பச்சை, தோளில் ஒரு பளபளக்கும் நீலம், நெஞ்சும் வயிறும் வெளிர் சந்தன நிறம், வயிற்றின் அடியில் வால் வரைக்கும் நல்ல சிவப்பு. கண்ணைச் சுற்றிப் பட்டையாகக் கறுப்பு, அதற்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு, தொண்டை வெள்ளை. இவ்வளவு நிறம் இருந்தும் சருகுக்கு நடுவில் அசையாமல் நின்றால் கண் ஏமாந்துபோகிறது. கோழி மாதிரிக் காலால் சீய்ப்பதில்லை. அலகால் ஒரு இலையைப் பிடித்துப் பக்கவாட்டில் வீசும், அடியில் பார்க்கும், இல்லையென்றால் அடுத்த இலை. ஒரு புழு கிடைத்ததும் அதை இரண்டு மூன்று தரம் தரையில் அடித்து விழுங்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எதையோ கேட்கிற மாதிரிதான் தெரிந்தது. திண்ணைக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆட்டோ நிறுத்துகிற தூரம்கூட இல்லை. பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டேன், தேவைப்படவில்லை.

இந்த வீட்டில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் ராத்திரி. அக்டோபர் ஆரம்பத்தில் இருந்து நவம்பர் கடைசி வரை ஏழரை மணிக்கு மேல் வெளி விளக்கு ஒன்றும் எரியாது. தோப்பில் கிடையாது, வாசலில் கிடையாது, மொட்டை மாடியில் கிடையாது. அறைக்குள் போட்டுக்கொள்ளலாம், ஆனால் திரையை இழுத்துவிட வேண்டும். ராத்திரியில் வலசை போகிற பறவைகளைப் பிரகாசமான விளக்கு திசை மாற்றி இழுத்துவிடும், அதுவும் மேகம் மூடிய மழை ராத்திரிகளில் அவை தாழப் பறக்கும்போது ரொம்ப மோசம். இது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான், ஆனால் தன் வியாபாரத்தில் விளக்கை அணைக்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? பாத்ரூம் வீட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அதற்குப் போக டார்ச் தருகிறார்கள், அதையும் தரையைப் பார்த்துத்தான் பிடிக்கச் சொல்கிறார்கள்.

ஜன்னலும் அப்படித்தான். மேற்கு அறையின் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மரச்சட்டம் அடித்து, கண்ணாடியில் இருந்து ஒரு சாண் தள்ளி, கொசுவலையை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மரமும் வானமும் கண்ணாடியில் தெரியும்போது பறவைக்கு அது வழி மாதிரித் தோன்றி நேராக வந்து மோதும். வலை இருந்தால் பிம்பமும் மங்கும், மோதினாலும் அடி படாது. அண்ணன் (அக்காவின் வீட்டுக்காரர், முன்னால் படகில் போய்க்கொண்டிருந்தவர், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்) முதலில் வீட்டில் கிடந்த மீன்வலையைக் கட்டலாம் என்று எடுத்தாராம், பிறகு யோசித்து வைத்துவிட்டாராம். "வலை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா தம்பி, கால் மாட்டுனா அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். கொசுவலைன்னா கண்ணு சின்னது, விரல்கூட உள்ள போகாது" என்றார். வலைத்தொழில் தெரிந்தவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே தீவில் ரோட்டோரம் இருக்கிற ஒரு புது விடுதியில், பெயர் வேண்டாம், ஒரு முறை குடும்பத்தோடு தங்கினோம். முன்பக்கம் மூன்று மாடிக்கும் நீலக் கண்ணாடி, அதன்மேல் ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட். காலையில் காப்பி குடிக்க இறங்கி வந்தபோது, செடித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆறுமணிக் குருவி செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, கழுத்து மட்டும் தொங்கியது. சிவப்பும் நீலமும் அப்படியே இருந்தன. கூட்டுகிற அம்மா அதைத் தள்ளிக்கொண்டே, "இந்த மாசத்துல இப்படித்தான் ஒண்ணு ரெண்டு விழும்" என்றார். வரவேற்பில் இருந்தவரிடம் லைட்டைப் பற்றிச் சொன்னேன், மேனேஜரிடம் சொல்வதாகச் சொன்னார். அடுத்த ராத்திரியும் எரிந்தது. இமயமலை அடிவாரத்தில் இருந்து பத்திரமாக வந்த உயிர், கடலைத் தாண்ட வேண்டிய இடத்தில் ஒரு அலங்கார விளக்குக்காகச் சாகிறது என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை, இன்றைக்கும்.

சரி, தோப்பு வீட்டுக்கு வருகிறேன். மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து அடித்த ஒரு ராத்திரிக்கு மறுநாள், பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். விடிந்ததும் கிணற்றடியில் காக்காய்ச் சத்தம் தாங்க முடியவில்லை. போய்ப் பார்த்தால் நாலைந்து காக்கை ஒரு ஆறுமணிக் குருவியைச் சூழ்ந்துகொண்டு கொத்த வருகின்றன. பறந்து பறந்து களைத்துப்போய், எழும்பக்கூடத் தெம்பில்லாமல் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. அக்கா பதறவே இல்லை. காக்கையை விரட்டிவிட்டு, ஒரு மெல்லிய துண்டைப் போட்டு அதை மெதுவாக எடுத்தார். ஏற்கெனவே ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருந்த அட்டைப் பெட்டியில் துண்டோடு வைத்து, மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத நெல் வைக்கிற அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். என் அம்மா பாவப்பட்டு, ஒரு சொட்டுத் தண்ணியாவது வாயில் விடலாமே தாயி என்றார்கள். "வேணாம்மா, மயக்கத்துல இருக்கும்போது ஊத்துனா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். இருட்டும் அமைதியும்தான் அதுக்கு மருந்து" என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரியான முறை. இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியை மேற்குத் தோப்பில் சருகு மேல் வைத்துத் திறந்தார். அது கொஞ்ச நேரம் வெளியே பார்த்தது, பிறகு ஒரே தத்தாகத் தத்திப் புதருக்குள் போய்விட்டது, சிறகு விரிந்தபோது அதில் இருக்கிற வெள்ளைத் திட்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சிறகு ஒடிந்திருந்தாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குத்தான் போன் செய்வாராம். காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, தங்க வருகிறவர்களிடமும் சொல்கிறார்.

இந்த வீட்டில் சில கட்டுப்பாடுகள் உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. போனில் குருவிச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு அதை வெளியே வரவைக்கக் கூடாது. மேற்குத் தோப்புக்குள் யாரும் இறங்கி நடக்கக் கூடாது, திண்ணையில் இருந்தும் வேலி ஓரப் பாதையில் இருந்தும் மட்டும்தான் பார்க்கலாம். புழு வாங்கிப் போட்டு இழுக்கிற ஏற்பாடு கிடையாது. ஃப்ளாஷ் கிடையாது. பெரிய லென்ஸோடு வருகிற நண்பர்கள் சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்குத் தெரிந்த ஒருவர் பாதியிலேயே கிளம்பிப் போனார். நான் அக்கா கட்சி. களைத்து வந்திருக்கிற பறவை ஒவ்வொரு தடவையும் போலிச் சத்தத்துக்குப் பதில் சொல்ல ஓடிவந்தால், கடலைத் தாண்டுவதற்காக அது சேர்க்க வேண்டிய கொழுப்பு அதில்தான் கரையும். மெர்லின் செயலியில் சத்தத்தைப் பதிவு செய்து என்ன பறவை என்று பார்த்துக்கொள்வதற்கு ஒரு தடையும் இல்லை. நீங்கள் கேட்கலாம், நீங்கள் ஒலிபரப்பக் கூடாது, அவ்வளவுதான்.

ஆறுமணிக் குருவி மட்டும்தானா என்றால், இல்லை. அதே சருகில் செந்தலைப் பூங்குருவியைப் பார்த்தேன், ஆரஞ்சுத் தலையோடு அதுவும் இலை புரட்டிக்கொண்டிருந்தது. கொடிக்கால் வாலாட்டி வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு நடந்தது. அரசவால் ஈப்பிடிப்பான் நாவல் மரத்தில் ஒரு நாள் பூராவும் இருந்தது, நீள வால் இல்லாத செந்நிறப் பறவைதான், ஆனாலும் அம்மா அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாமே காட்டுப் பறவைகள். இவ்வளவு வறண்ட கரையில் ஒரு சின்னத் தோப்பு இத்தனை உயிருக்கு இடம் கொடுக்கிறது.

இப்போது குறைகள். அறை சுத்தமாக இருக்கிறது, ஆனால் வசதி என்று பார்த்தால் ரொம்ப எளிமை. ஏசி கிடையாது, ஃபேன் மட்டும்தான், அக்டோபர் முதல் பாதியில் புழுக்கம் அதிகம். கிணற்றுத் தண்ணீர் குளிக்கப் பரவாயில்லை, சோப்பு நுரை சரியாக வராது, லேசான உவர்ப்பு. குடிக்கக் கேன் தண்ணீர் வைக்கிறார்கள். சருகு இருக்கிற இடத்தில் பூரான் இருக்கும், செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், கட்டிலில் போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசு உண்டு, கட்டிலுக்கு வலை தருகிறார்கள். செல்போன் சிக்னல் வாசல் பக்கம் மட்டும்தான் ஒழுங்காக வரும். மழை பெய்தால் அந்த மணல் பாதையில் கார் புதையும், ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவது உத்தமம். பாத்ரூம் வெளியே இருப்பது வயதானவர்களுக்குக் கஷ்டம்தான், அதுவும் விளக்கு இல்லாத ராத்திரியில். என் அம்மாவுக்கு நான் கூடவே போக வேண்டியிருந்தது. பாத்ரூமுக்குப் போகிற வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே, மேலே தெரியாமல் மூடி போட்ட ஒரு சின்ன மஞ்சள் விளக்கு வைக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அண்ணன் செய்கிறேன் என்றிருக்கிறார்.

சாப்பாட்டுக்குத் தனியாகவே நட்சத்திரம் கொடுக்கலாம். காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், அல்லது முதல் நாள் மீன்குழம்பைச் சுண்டவைத்து அதோடு இடியாப்பம். இரண்டாவதுதான் என் ஓட்டு. மதியம் அன்றைக்குக் கரைக்கு வந்த மீன் எதுவோ அது. எனக்குக் கிடைத்தது விளமீன், இன்னொரு நாள் கணவாய்த் தொக்கு. குழம்புக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாயைத்தான் அரைக்கிறார்கள். குண்டாக இருக்கிற அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். நிறமும் மணமும் வேறு எதிலும் வராது. சைவம் கேட்டால் முருங்கைக்கீரைப் பொரியல், பருப்பு, ரசம் என்று செய்து தருகிறார்கள், ராமேஸ்வரம் போகிற அன்று அம்மாவுக்கு அதுதான். கருப்பட்டிக் காப்பி எப்போது கேட்டாலும் கிடைக்கும். ஒரே ஒரு விஷயம், ஏப்ரல் 15-இல் இருந்து 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, குருவி திரும்பிப் போகிற நேரத்தில் போனால் நாட்டுப்படகு மீன்தான், வகை குறைவாக இருக்கும்.

அண்ணன் தன் ஆட்டோவில் தனுஷ்கோடி கூட்டிப்போகிறார். கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சேற்றுப் பரப்பில் நிறுத்தி, அலை ஒதுங்குகிற நேரம் பார்த்து உள்ளான்களையும் ஆலாக்களையும் காட்டுகிறார். பூநாரை வருவது கொஞ்சம் தாமதமாகத்தான், அதற்கு டிசம்பர், ஜனவரி நல்லது. அந்தப் பகுதியை 2025 ஜூனில் அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது ரொம்ப நல்ல காரியம். அண்ணனுக்குப் பறவைகளின் பெயர் எல்லாம் தெரியாது, ஆனால் எந்தக் காற்றுக்கு எது எங்கே இறங்கும் என்பது அத்துப்படி. வாடை பிடித்து, மேகம் மூடி, லேசாகத் தூறினால் மறுநாள் தோப்பில் குருவி நிறைய இருக்கும் என்று முதல் நாள் சாயங்காலமே சொன்னார், சொன்ன மாதிரியே இருந்தது. படகில் போனவருக்கு வானத்தைப் படிக்கத் தெரிகிறது. வழிகாட்டி என்று அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் சிலரிடம் எனக்குக் கிடைக்காத தகவல் இவரிடம் கிடைத்தது.

கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் தங்கச்சிமடத்தில் இருந்து பஸ் அடிக்கடி இருக்கிறது. அம்மா 22 தீர்த்தமும் ஆடிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிட்டார்கள். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது, மண்டபத்தில் இறங்கிப் பஸ் ஏறுகிற அவதி இல்லை. மதுரையில் இருந்து பஸ்ஸில் வந்தால் தங்கச்சிமடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், ராமேஸ்வரம் வரை போய்த் திரும்ப வேண்டாம்.

வாடகை ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், இரண்டு பேருக்கு, காலைச் சாப்பாடு சேர்த்து. மதியமும் ராத்திரியும் தனியாக, மீனைப் பொறுத்து. இந்தத் தீவில் இதே பணத்துக்கு ஏசி அறை கிடைக்கும் என்பது உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. நான் இந்தப் பணத்தை அந்தச் சருகுக்கும் அணைத்த விளக்குக்கும் கொடுப்பதாகத்தான் நினைக்கிறேன். தோப்பின் மேற்குப் பாதியையும் மழித்துவிட்டு இன்னும் நாலு அறை கட்டலாம் என்று அவர்களிடம் கேட்காத ஆள் இல்லை. ஆட்கள் வந்து தங்கி, நல்லபடியாக நடந்துகொண்டு, காசு கொடுத்துவிட்டுப் போனால்தான் அவர்களால் அந்தப் பேச்சுக்கு இல்லை என்று தொடர்ந்து சொல்ல முடியும்.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் வந்து, பார்த்து, படம் எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது. நான் போன சமயத்திலேயே ஒரு காலை சத்தம் மட்டும்தான் கேட்டது, ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை. குறைந்தது இரண்டு ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம், ஆனால் காலையில் அந்த ஒரு மணி நேரம் அவர்களைத் திண்ணையில் உட்கார வைக்க உங்களால் முடிய வேண்டும். அக்காவின் பேத்தி உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் அடக்குவாள், அந்த உதவி உண்டு.

போகிற நாள் அக்டோபர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு இருந்தால் நல்லது, தீபாவளி விடுமுறையைத் தவிருங்கள், ரோடு முழுக்கக் கூட்டம். மேற்குப் பக்க அறையைக் கேளுங்கள், கிழக்கு அறையில் இருந்து தோப்பு தெரியாது, அங்கே தங்கினால் விடியற்காலையில் மேற்கு அறைக்காரர்களின் திண்ணையில் போய் உட்கார வேண்டியிருக்கும். பளிச்சென்ற வெள்ளை, மஞ்சள் சட்டை வேண்டாம். கொசுவுக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள், சின்ன டார்ச் ஒன்று உங்களுடையதே இருந்தால் வசதி, அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு போனால் அக்கா சந்தோஷப்படுவார். வருவதற்கு முந்தின நாளே எத்தனை பேர் என்று தகவல் சொல்லிவிடுங்கள், காலையில் கரைக்குப் போகும்போது அதற்குத் தக்கபடிதான் மீன் வாங்குகிறார்கள்.